ஜன்னல் வழியாக வந்த மேசை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம், உன் அப்பாவின் தன்மானம் நீங்கலாக. அதற்கு மட்டும் போன வாரம் கொஞ்சம் அடிபட்டுவிட்டது, தேறிக்கொண்டு வருகிறது, நீ பயப்படும்படி ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, உன் இருமல் நின்றதா, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடுகிறாயா இன்னும்? இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே, எதற்கு இந்தக் கடிதம் என்று நீ முணுமுணுப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லிவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் கோபப்பட முடியும். விஷயம் உன் அறையைப் பற்றியது, அதனால் உட்கார்ந்துகொண்டு படி.

நீ விடுப்பில் வரும்போது உன் அறை உனக்கு வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாயே, அவரும் பெரிய மனதோடு, "அம்மாவோட புது மேசைதானே, நீ வர்றதுக்குள்ள ஹாலுக்கு மாத்திடறேன், ரூம் நீ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கும்" என்று வாக்குக் கொடுத்தாரே, அது நடக்காது. பாவம், அவர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். ஆனால் மேசை உன் அறையில்தான் இருக்கிறது, அங்கேயேதான் இருக்கப் போகிறது, அதற்குக் காரணம் உன் அம்மா. இப்போது விவரமாகச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த வாட்ச் கடையை மூடிய பிறகு வாடிக்கையாளர்கள் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்ததும், நான் சாப்பாட்டு மேசையில் கடை பரப்பியதும் உனக்குத் தெரியும். நீ போன பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. ஒரு வாட்சைத் திறந்து நாலு திருகாணியைக் கழற்றி வைப்பேன், தட்டு வந்துவிடும். எல்லாவற்றையும் அள்ளி முட்டை வைக்கும் அட்டையில் போட்டு ஃபிரிஜ்ஜின் மேல் ஏற்றுவேன், சாப்பிட்ட பிறகு மறுபடி இறக்குவேன், அதற்குள் உன் தம்பி வந்து அதே மேசையில் சட்டையை இஸ்திரி போடுவான். ஒரு நாள் உன் அப்பா சோற்றில் கல் என்று துப்பியது ஒரு வங்கி மேலாளருடைய வாட்சின் பல்சக்கரம். அதைக் கழுவித் துடைத்து மாட்டிக் கொடுத்துவிட்டேன், இன்றுவரைக்கும் அது சரியாகத்தான் மணி காட்டுகிறது, அந்த மனிதரும் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கென்று மேசையே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்று இருந்தது, நீ பத்தாவது படித்தபோது உன் அறைக்குப் போனது. அதற்குப் பதிலாக வாங்கியது உன் தம்பியின் கம்ப்யூட்டருக்குப் போனது. அடுத்ததில் டிவி ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு போனவர் உன் அப்பாதான். வாழ்நாள் முழுக்க வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அடுத்தவர் சாமானை ஏற்றி இறக்கிய மனுஷன், ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்குமா? பீரோவை வடக்கே வைப்பார், மறு மாதம் தெற்கே வைப்பார், நான் காய்கறி வாங்கிவிட்டு வருவதற்குள் சோபா திரும்பி உட்கார்ந்திருக்கும். இருட்டில் நான் இடித்துக்கொள்ளாத பொருள் இந்த வீட்டில் இல்லை.

ஆகவே இந்தத் தடவை கடையில் விற்கும் மேசை வேண்டாம், அளவு சொல்லிச் செய்து வாங்குவது என்று முடிவு செய்தேன். மரக்கடைக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் தச்சரை உனக்கு நினைவிருக்கும், ஒரு பலகையைக் காட்டச் சொன்னால் அதன்மேல் போர்த்திய துணியையே ஏதோ சிலையைத் திறந்துவைப்பது போல எடுப்பார். உன் அப்பா அவருக்கு வைத்த பெயர் சிற்பி. சிற்பி எனக்குக் காட்டியது தூங்குமூஞ்சி மரத்தின் ஒரே பலகை. ஒரு பக்கம் நேராக அறுத்திருந்தது, மறுபக்கம் அறுக்கவே இல்லை, மரம் எப்படி நெளிந்து வளர்ந்ததோ அப்படியே இருந்தது. பட்டையை மட்டும் உரித்து, தேய்த்து, எண்ணெய் பூசினால் அந்த நெளிவே மேசைக்கு விளிம்பாகிவிடுமாம், லைவ் எட்ஜ் என்று பெயராம். உன் அப்பா காதில் இது விழுந்ததும், "அறுக்க சோம்பேறித்தனம், அதுக்கு ஒரு பேரு வேற" என்றார். அதோடு விட்டாரா, தூங்குமூஞ்சி மரத்தில் மேசை செய்தால் வேலை ஓடுமா என்று ஒரு சந்தேகம். அது நீங்கள் உட்கார்ந்தால் வருகிற பிரச்சினை, எனக்கு வராது என்றேன். சிற்பி அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நெளிந்த பக்கம் எங்கே இருக்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. அதைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு நேர்ப்பக்கத்தில் உட்காருவதுதான் முறை என்று உன் அப்பா. அப்படிச் செய்தால் நான் தொழிலையே விட்டுவிடுகிறேன் என்று சிற்பி. நான் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நெளிந்த பக்கத்தில் நடுவில் ஒரு குழிவு, அதில் என் வயிறு போய் அப்படியே பொருந்திக்கொண்டது, இரண்டு முழங்கையும் இரண்டு பக்கத்து மேட்டில் தானாக வந்து உட்கார்ந்தன. எனக்கு இப்படி ஒரு தொப்பை வரும் என்று அந்த மரத்துக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நேர்ப்பக்கம் சுவரோடு ஒட்டினால் இடுக்கில் திருகாணி விழாது, ஆக தீர்ப்பு சிற்பி பக்கம். உயரம் மட்டும் என் இஷ்டம், வாட்ச் வேலைக்கு மேசை நெஞ்சு வரைக்கும் இருக்க வேண்டும், இல்லையென்றால் கழுத்து போய்விடும். "இது மேசையா, டிக்கெட் கவுண்டரா?" என்று உன் அப்பா கேட்டார். இடது பக்கம் ஒரு விரல் உயரத்துக்குச் சின்னச் சின்ன இழுப்பறைகள், உள்ளே பச்சைத் துணி ஒட்டியது, முள்ளுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, திருகாணிக்கு ஒன்று. வலது பக்கம் கருவிகளுக்கு ஆழமான அறைகள். குழிவுக்கு நேர் கீழே ஒரு தட்டு, இழுத்தால் மடிமேல் வந்து நிற்கும், கை தவறி எது விழுந்தாலும் தரைக்குப் போகாமல் அதில் விழும். பலகையில் ஒரு கணு ஓட்டை இருந்தது, சிற்பி அதில் கண்ணாடி போல ஏதோ பசை ஊற்றி அடைத்து அழகு பண்ணுகிறேன் என்றார், நான் அதன் வழியே விளக்கு வயரை இறக்கிவிட்டேன். பூட்டுப் போட்ட அறை ஒன்று உண்டு. அதில் என்ன இருக்கிறது என்று உன் அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. சாக்லேட். அவர் சர்க்கரை அளவு உனக்குத் தெரியுமே, வாயைத் திறந்துவிடாதே. இதற்கெல்லாம் அவரும் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, கடைசியில் பார்த்தால் அடியில் ஆறு சக்கரம். தேவைப்பட்டால் நகர்த்த வசதியாக இருக்குமாம். சக்கரத்தை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

பலகை வந்து சேர்ந்த நாளைப் பற்றி அவரே உன்னிடம் பெருமையாகச் சொல்லியிருப்பார். ஏறக்குறைய எட்டு அடி நீளம், ஆறடி போதும் என்பதுதான் பேச்சு, ஆனால் அறையில் வைத்துப் பார்த்த பிறகுதான் வெட்டுவேன் என்று சிற்பி பிடிவாதம். மாடிப்படியில் அது திரும்பாது. அப்போது உன் அறையில் இற்றுப்போன பழைய ஜன்னலைப் பெயர்த்தெடுத்திருந்தோம், புது இரும்புச் சட்டம் நடையில் சாய்ந்துகிடந்தது, கொத்தனார் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார். சுவரில் இவ்வளவு பெரிய ஓட்டையைப் பார்த்ததும் உன் அப்பாவுக்கு இருபது வயது குறைந்துவிட்டது. கம்பெனியின் பழைய ஆட்களையெல்லாம் கூப்பிட்டார், கிரேன் என்று பெயர் வாங்கிய அந்தக் குண்டு டிரைவரும் வந்தார், கயிறு கட்டி, கப்பி மாட்டி, உன் அப்பா கீழே நின்றுகொண்டு, "மெதுவா, மெதுவா, பச்சக் கொழந்தப்பா" என்று கத்தினார். தெருவே நின்று பார்த்தது. எதிர்வீட்டு அம்மாள் துவைத்த துணியை உதறுவதை மறந்துவிட்டாள். பலகை உள்ளே வந்து இறங்கியதும் இவர் மாடிக்கு வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார் பார், எனக்கே மனசு நிறைந்துபோயிற்று. நல்லாத்தான் இருந்தார்.

அதற்குப் பிறகுதான் உன் போன் வந்தது. அவர் உனக்கு வாக்குக் கொடுத்ததை நான் சமையலறையில் நின்று ஒரு எழுத்து விடாமல் கேட்டேன். எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை, அதைவிட மோசம், யோசனை வந்தது. எப்போதும் அவர் ஒரு சட்டம் சொல்வார், கம்பெனியில் புதிதாக வரும் ஆட்களுக்கெல்லாம் அதுதான் முதல் பாடம், சாமானை உள்ளே கொண்டுபோகிறவன் முதலில் அது வெளியே வருகிற வழியைப் பார்க்க வேண்டும் என்று. நானும் அந்த அறையில் நின்று வழியைப் பார்த்தேன். கதவு, கதவுக்கு வெளியே இடுப்பு அகல நடை, உடனே ஒரு திருப்பம். ஆறடிப் பலகை எப்படியாவது திரும்பிவிடும். எட்டடிப் பலகை ஏழு ஜென்மத்துக்கும் திரும்பாது. மிச்சம் இருக்கும் ஒரே வழி ஜன்னல் ஓட்டை. அவர் மறுநாள் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அவர் தெருமுனை தாண்டியதும் கொத்தனாருக்குப் போன் போட்டேன், மழை வரும் போல இருக்கிறது, அறையில் மரம் நனைந்துவிடும், உடனே வாங்க என்று. வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. அவரும் நல்ல மனிதர், மேலே பார்க்காமல் வந்துவிட்டார். சட்டத்தை வைத்துக் கலவை பூசும்போது பக்கத்திலேயே நின்று, இந்தப் பக்கம் காற்று பலமாக அடிக்கும், இன்னும் கொஞ்சம் போடுங்க, இன்னும் கொஞ்சம் போடுங்க என்றேன். டீயும் கொடுத்தேன், அதற்கும் சேர்த்துப் பூசினார். உன் அப்பா மரத்துப்போன வாயோடு வந்தார், ஜன்னலைப் பார்த்தார், பேச முடியாததால் கட்டை விரலை உயர்த்திப் பிரமாதம் என்று காட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அதன் பிறகு சிற்பி வந்தார். அவரிடம் நான் ஒன்றும் செய்யவில்லை, பலகையின் கோடியைத் தடவிக்கொண்டே, இவ்வளவு அழகான ரேகை இருக்கிற இடத்தையா வெட்டி எறியப் போகிறீர்கள், பாவமாக இருக்கிறதே என்று ஒரு பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான். அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ஒருத்தர்தாம்மா மரத்தப் புரிஞ்சவங்க" என்றார், கண் கலங்கிவிட்டது. கூடுதல் நீளத்துக்குக் கீழே திறந்த அடுக்கு ஒன்றும் தன் செலவில் செய்து கொடுத்தார். அது ஏன் இன்னும் வெட்டவில்லை என்று உன் அப்பா கேட்டபோதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றே சொல்லிவந்தோம், இரண்டு பேரும் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர்கள் மாதிரி.

போன வாரம் மேசையை ஹாலுக்கு மாற்றும் அந்த நாள் வந்தது. உன் அப்பா முதலில் உன் கட்டிலைக் கழற்றி ஹாலில் கொண்டுபோய் மாட்டினார், மேசை போனதும் திரும்ப வரும் என்று. கிரேனும் வந்தார். நான் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாடாவை நீட்டிப் பலகையை அளந்தார், கதவை அளந்தார், நடையை அளந்தார், மறுபடி பலகையை அளந்தார். படுக்க வைத்து, நிமிர்த்தி வைத்து, சாய்த்து, பலகை அளவுக்கு வெட்டிய ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் நடையில் நடனம் ஆடிப் பார்த்தார்கள், கிரேன் சுவருக்கும் அட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "அண்ணே, நான் மொதல்ல வெளிய வரணும்" என்று கெஞ்சினார். பிறகு உன் அப்பா ஜன்னலுக்குப் போய்ச் சட்டத்தைப் பிடித்து ஆட்டினார். அது ஆடுமா? சுவரை இடிக்க வேண்டும், இல்லை பலகையை இரண்டாக வெட்ட வேண்டும் என்று கிரேன் மெல்லச் சொன்னார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, நான் நேரில் பார்த்தேன். நடு அறையில் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு தேள் கொட்டிய மாதிரி நின்றார். நான் தலையைத் தூக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்க அடக்கத் தோள் குலுங்கி, கிடுக்கியில் பிடித்திருந்த திருகாணி நழுவி மடித்தட்டில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் திரும்பினார். "நீதானா?" என்றார். நான்தான் என்றேன்.

கிரேன் நல்லவேளையாகப் புறப்பட்டுப் போய்விட்டார். இவர் ஜன்னலோரமாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அந்தத் திருகாணியை எடுத்து மாட்டி, அடுத்ததை மாட்டி, வாட்சைக் காதில் வைத்துப் பார்த்து மூடினேன். இத்தனை வருஷத்தில் நான் ஒரு வாட்சை முழுக்க முடித்து அவர் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. பிறகு சொன்னார், "வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தொட்டே இருக்க மாட்டேனே." எனக்கு அதில் கொஞ்சம் சுருக்கென்று தைத்துவிட்டது. சொன்னேன், ஒவ்வொரு தடவையும் சொன்னேன், நீங்கள் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் பிடி என்றீர்கள், நானும் பிடித்தேன் என்றேன். அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். டீ போட்டுக் கொண்டுவந்தார், நான் சொல்லாமலே அதை மேசைமேல் வைக்காமல் ஜன்னல் திட்டில் வைத்தார். சாயங்காலம் பார்த்தால் தன் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு போய் ஹாலில் உன் கட்டிலில் போட்டுக்கொண்டிருக்கிறார். பொண்ணு வந்தால் உன்னோடு படுக்கட்டும், நான் இங்கே ஒத்திகை பார்க்கிறேன் என்கிறார். காலிரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்குகின்றன. அவர் பிறந்ததிலிருந்து எத்தனையோ சாமானை இடம் மாற்றியிருக்கிறார், தன்னைத்தானே மாற்றிக்கொண்டது இதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை கடைசி வாரம் வரும்போது அவருக்கும் ஹாலில்தான் படுக்கை, மாமனாரும் மருமகனும் குறட்டையில் போட்டி வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது நீ கோபமாக இருக்கிறாய். இரு, இன்னும் முடியவில்லை. அறை நீ விட்டுப் போனபடியே இருக்க வேண்டும் என்றாய். அந்த ஆசை எனக்குப் புரிகிறது கண்ணு, அவ்வளவு தூரத்தில் இருப்பவளுக்கு ஊரில் ஒரு இடமாவது அசையாமல் இருக்க வேண்டும் என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் நீ விட்டுப் போனபடியே இருக்க வேண்டுமென்றால் நானும் முட்டை அட்டையோடு ஃபிரிஜ் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. அது என்னால் முடியாது. உன் புத்தகங்களைச் சிற்பி செய்த அந்தத் திறந்த அடுக்கில் வைத்திருக்கிறேன், உன் துணியெல்லாம் என் பீரோவில் இருக்கிறது, சண்டை போட்டு நீ கிழித்த அந்தப் போஸ்டரை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டேன், அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க முடியாது. கோபம் இருந்தால் கோபத்தோடேயே வா, டிக்கெட்டை மட்டும் மாற்றிவிடாதே. உன்னைப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அதை மேசை வந்ததால் மறைக்கப் போவதில்லை. நீ கட்டிலில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு விடிய விடியப் பேசு, நான் ஒன்பது வார்த்தையையும் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நீயும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் நிறைவாக இருக்க வேண்டும், நீ எடுத்த காரியமெல்லாம் ஜெயிக்க வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. அப்பாவிடம் போனில் பேசும்போது மேசையைப் பற்றி நீயாக எடுக்காதே, அவராகச் சொன்னால் ஆச்சரியப்படுவது போலக் காட்டிக்கொள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நீ பதினைந்து வயதில் ஒரு கோபத்தில் அறைக் கதவில் காகிதம் ஒட்டினாய், தட்டிவிட்டு உள்ளே வரவும் என்று. எத்தனை தடவை பெயிண்ட் அடித்தும் அதை நான் எடுக்கவில்லை. ஆகவே வந்ததும் பெட்டியை ஹாலில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, கதவைத் தட்டு. உள்ளே நான் இருப்பேன்.

இப்படிக்கு,
இனி எங்கேயும் நகராத
உன் அம்மா